உப்புக்காற்றில் ஆபீஸ் உடுப்பு

வேதாரண்யத்தில் ஒரு பெண் வங்கியிலோ, தாலுகா ஆபீசிலோ, தனியார் பள்ளியிலோ, கோர்ட்டிலோ வேலைக்குச் சேருகிறாள் என்றால், முதல் மாதச் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே உடுப்புச் செலவு வந்துவிடுகிறது. அதே வேலைக்குச் சேரும் ஆணுக்கு இரண்டு பேண்ட், நாலு சட்டை என்று கணக்கு முடிந்துபோகும். பெண்ணுக்கு அப்படி முடிவதில்லை. சேலையா, சுடிதாரா, இன்டர்வியூவுக்குப் போட்ட கோட்-பேண்ட்டையே தொடர்வதா என்று வீட்டில் ஒன்று சொல்வார்கள், ஆபீசில் ஒன்று சொல்வார்கள், படித்த கல்லூரியில் வேறொன்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். இதில் கடைசியாகச் சொன்னதுதான் இப்போது மேலோங்கி வருகிறது. கோட் போட்டால்தான் ஆபீஸ் உடுப்பு என்ற எண்ணம் இருபத்திரண்டு வயதுப் பெண்கள் மனதில் உறுதியாக உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கடலோரத்தில், இங்கே கிடைக்கிற சம்பளத்தில், அது தவறான செலவு என்பது என் கருத்து. நல்ல பருத்தித் துணியாக எடுத்து, உள்ளூர் டெய்லரிடம் அளவு கொடுத்துத் தைக்கிற குர்தா-பேண்ட் செட்தான் இங்கே மலிவான உடுப்பு. ஒழுங்காகத் தைத்தால் அதைவிடக் கண்ணியமான உடுப்பும் வேறில்லை.

முதலில் விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தமிழக அரசு 2019 மே மாத இறுதியில் தலைமைச் செயலக ஊழியர்களின் உடை பற்றி ஓர் ஆணை பிறப்பித்தது. பெண்களுக்கு அதில் சொல்லப்பட்டவை சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார். நிறம் கண்ணை உறுத்தாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அரசுப் பள்ளி ஆசிரியைகள் சுடிதார் அணியலாமா என்ற நெடுநாள் இழுபறியில் 2023 கடைசியில் பள்ளிக்கல்வி அமைச்சர் விளக்கம் தந்தபோது, அவர் காட்டியதும் இந்த ஆணையைத்தான். வக்கீல்களுக்கான உடை விதி கடுமையானது என்று எல்லோரும் நினைக்கிறோம். இந்திய பார் கவுன்சில் விதிகளைப் படித்தால் பெண் வழக்கறிஞர்களுக்குச் சேலை, நீளப் பாவாடை, சுடிதார்-குர்தா, சல்வார்-குர்தா எல்லாமே அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. துப்பட்டா இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. இவற்றின் மேல் கறுப்புக் கோட்டும் கழுத்துப் பட்டையும் அணிய வேண்டும். அந்தக் கறுப்புக் கோட்டும்கூட உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் தவிர மற்ற நீதிமன்றங்களில் கோடைக்காலத்தில் கட்டாயமில்லை. மாநிலத்தின் தலைமைச் செயலகத்துக்குப் போதுமான உடுப்பு, ஒரு சிறுநகரத்து ஃபைனான்ஸ் கம்பெனிக் கிளைக்குப் போதாது என்றால் அதற்கு யாராவது காரணம் சொல்ல வேண்டும்.

விதியைவிடப் பெரிய காரணம் இந்த ஊரின் காற்று. கிழக்கே வங்காள விரிகுடா. தெற்கே உப்பளங்களும் சதுப்பும், அதற்கப்பால் பாக் நீரிணை. ஆண்டின் பெரும்பகுதி ஈரமும் உப்பும் சேர்ந்த காற்றுதான். கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் ரெடிமேட் கோட்-பேண்ட் செட்டுகள் பெரும்பாலும் பாலியஸ்டர் அல்லது டி.ஆர். என்று சொல்லும் பாலியஸ்டர்-விஸ்கோஸ் கலப்பு. கோட்டுக்கு உள்ளே பாலியஸ்டர் லைனிங். பருத்தி இழை தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தைக் காற்றிலிருந்து வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டருக்கு அது அரை சதவீதம்கூட இல்லை. வியர்வை துணிக்குள் போகாமல் உடம்பிலேயே நிற்கிறது. லைனிங் அதை வெளியேயும் விடாது. அக்குளிலும் முதுகிலும் உலர்ந்த வியர்வை கறுப்புத் துணியில் வெள்ளைக் கோடாகத் தெரியும். தினமும் துவைத்தால் போகும்தான். ஆனால் கோட்டைத் தினமும் துவைக்க முடியாது. மலிவான கோட்டின் கழுத்து மடிப்பும் முன்பக்கமும் விறைப்பாக நிற்பது உள்ளே சூட்டில் ஒட்டிய ஃபியூசிங் துணியால். நாலு முறை தண்ணீரில் போட்டால் பசை விட்டு, மேல்துணி குமிழ் குமிழாக எழும்பிவிடும். அதன் பிறகு எந்த இஸ்திரியும் அதைச் சரிசெய்யாது. கொடுத்து வாங்கிய மிடுக்கு அத்தோடு போயிற்று.

இனி பணக் கணக்கு. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதைத் தொடர்ந்து, இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோயம்புத்தூரில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்று தமிழ்நாடு பார் கவுன்சில் அறிவித்தது. ஆக, வேதாரண்யம் கோர்ட்டில் சீனியரிடம் சேரும் பெண்ணுக்கு அந்த அளவுகோல் 15,000. இந்த வருமானத்தில் 3,500 ரூபாய்க்கு ஒரு செட் கோட்-பேண்ட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். வருடத்தில் பத்து நாள் போடுவாள், இரண்டு வருடம் உழைக்கும் என்றால், ஒருமுறை உடுத்த 175 ரூபாய், ட்ரை கிளீனிங் தனி. துணியும் தையலும் சேர்த்து 1,500 ரூபாயில் முடியும் பருத்தி செட்டை வாரம் ஒருமுறை, இரண்டு வருடம் உடுத்தினால் நூறு தடவை. தடவைக்குப் பதினைந்து ரூபாய். விலை ஆளுக்கு ஆள் மாறலாம், விகிதம் பெரிதாக மாறாது. வரியும் இதே பக்கம்தான் சாய்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு உடுப்பின் விலை 2,500 ரூபாய்க்கு மேல் போனால் ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்குள் இருந்தால் 5 சதவீதம். மீட்டர் துணிக்கும் 5 சதவீதம்தான். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத டெய்லர் ஜிஎஸ்டி பதிவே செய்ய வேண்டியதில்லை. கோ-ஆப்டெக்ஸில் தீபாவளி, பொங்கல் சமயத்தில் கைத்தறிக்கு 30 சதவீதத் தள்ளுபடி உண்டு. அரசு ஊழியர்களுக்கு வட்டியில்லாக் கடனும், மாதச் சேமிப்புத் திட்டமும் அங்கே இருக்கின்றன. ஐந்து செட்டுக்கான துணியை அப்போது எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஆனால் பருத்தி என்று சொன்னால் மட்டும் போதாது. எப்படி எடுப்பது, எப்படித் தைப்பது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. மேலுக்கு இரண்டரை மீட்டர், பேண்ட்டுக்கு இரண்டு முதல் இரண்டரை மீட்டர் என்று நெருக்கமாக நெய்த துணியாகப் பார்க்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரியக்கூடாது. தெரிந்தால் லைனிங் போட வேண்டும், பிறகு பருத்தியின் பயன் பாதி போய்விடும். தைக்கக் கொடுக்கும் முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட வேண்டும். சுருங்குவது துணியாகவே சுருங்கட்டும், சாயம் போனால் அப்போதே தெரிந்துவிடும். இப்பக்கத்து நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. சோப்பு நுரைக்காது, வெள்ளைத் துணி நாலு மாதத்தில் மங்கிப்போகும். அதனால் சாம்பல், நீலம், மரக்கலர், பாசிப்பச்சை போன்ற நடுத்தர நிறங்கள் நெடுநாள் நிற்கும். உலோக ஜிப்பும் உலோகப் பட்டனும் இந்தக் காற்றில் துருப்பிடித்துத் துணியில் கறையை ஏற்றும். நைலான் ஜிப்பும் சிப்பி அல்லது பிளாஸ்டிக் பட்டனும் கேட்டு வாங்க வேண்டும். பக்கத் தையலில் உள்ளே இரண்டு அங்குலம் விடச் சொல்ல வேண்டும். உடம்பு கூடினால் பிரித்து விட்டுக்கொள்ளலாம், குறைந்தால் பிடித்துக்கொள்ளலாம். ரெடிமேட் உடுப்பில் அந்த இடமே இருக்காது. இருபக்கமும் ஆழமான பாக்கெட் வைக்கச் சொல்லுங்கள். சாவி, போன், பேனா எல்லாவற்றுக்கும் கைப்பையைத் துழாவிக்கொண்டு நிற்கும் நிலை பெண்களுக்கு மட்டும் ஏன் வர வேண்டும்? தோள்தான் மிக முக்கியம். இடுப்பையும் கையையும் பிறகு திருத்தலாம்; தோள் இறங்கிப்போனால் திருத்தக் கூலி புதுத் தையலை நெருங்கிவிடும். தோள் சரியாக உட்கார்ந்த, கழுத்தில் சின்ன நேரு காலரோ பட்டன் பட்டியோ வைத்த, முழங்கைக்குக் கீழே கை இறங்கிய குர்தாவும், கணுக்கால் வரை நேராக நிற்கும் பேண்ட்டும் எந்த மீட்டிங்கிலும் எடுபடும். ஸ்கூட்டியில் போகிறவர்கள் அகலப் பலாசோவைத் தவிர்ப்பது நல்லது. துப்பட்டாவை இருபக்கமும் பின் குத்தாமல் வண்டி ஏறவே கூடாது. சக்கரத்தில் துப்பட்டா சிக்குவது உயிருக்கே ஆபத்து.

இதற்கு மறுப்புகள் உண்டு, எல்லாம் நியாயமானவையும்தான். பருத்தி கசங்கும், காலையில் சமையலையும் முடித்து இஸ்திரியும் போட யாருக்கு நேரம் என்பது முதல் கேள்வி. அந்த வேலை வீட்டில் பெண்கள் தலையிலேயே விழுகிறது என்பதால் இதை லேசாகத் தள்ள முடியாது. பேண்ட்டுக்கு மட்டும் பருத்தி கூடுதலாக உள்ள கலப்புத் துணி எடுத்தால் கசங்கல் பெருமளவு குறையும். முதுகோடு ஒட்டியிருக்கும் மேல் உடுப்பு முழுப் பருத்தியாக இருந்தால் போதும். போனில் பார்த்தால் 500 ரூபாய்க்குள் முழு செட் வருகிறதே என்பது இரண்டாவது. வருகிறது; அதில் பெரும்பாலானவை விஸ்கோஸ் ரேயான். ஈரமானால் வலு குறையும் இழை அது. அடித்துத் துவைக்கும் கல்லில் அது எத்தனை மாதம் தாங்கும் என்பதையும் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். டெய்லர் சொன்ன நாளில் தரமாட்டார் என்கிறார்கள். உண்மை. தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் கொடுத்தால் கிடைக்காது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண முகூர்த்தம் இல்லாததால் டெய்லருக்குக் கை ஒழியும், அப்போது கொடுக்கலாம். வீட்டில் சேலை இருக்க எதற்கு இந்தச் செலவு என்று கேட்கிறவர்களும் உண்டு. விருப்பத்தோடு கட்டுகிறவர்கள் தாராளமாகக் கட்டட்டும். ஆனால் ஒரு சேலை என்றால் பொருத்தமான ஜாக்கெட், உள்பாவாடை, ஃபால்ஸ் என்று மூன்று செலவு கூடவே வரும். சேலை செலவில்லாத உடுப்பு என்பது சரியான கணக்கில்லை.

எல்லாவற்றையும்விட வலுவான மறுப்பு, கோட் போட்டால் மரியாதை கிடைக்கிறது என்பது. எதிரில் இருப்பவர் உடுப்பைப் பார்த்துத்தான் குரலை மாற்றுகிறார் என்பதை நான் மறுக்கவில்லை. புதிதாக வந்த பெண் அதிகாரிக்கு அந்த உதவி தேவைப்படவும் செய்யும். ஆண்களின் சூட்டைப் போலப் பெண்களும் கோட்டும் பாவாடையும் சேர்ந்த சூட்டை அலுவலகத்துக்கு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற யோசனையைப் பரப்பியதில் 1977இல் அமெரிக்காவில் ஜான் மொல்லாய் எழுதிய புத்தகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அது குளிர்நாட்டில், ஏசி கட்டடத்துக்கு எழுதிய யோசனை. கோட்டும் டையும் நம்மைவிட ஆழமாக ஊறிய ஜப்பானே 2005இல், சுற்றுச்சூழல் அமைச்சராக யூரிகோ கோய்கே இருந்தபோது, கோடையில் கோட்டும் டையும் வேண்டாம், ஏசியை 28 டிகிரியில் வையுங்கள் என்று அலுவலகங்களைக் கேட்டுக்கொண்டது. மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தொடங்கிய அந்த வழக்கம் அங்கே நிலைத்துவிட்டது. இந்த ஊருக்கும் இதில் ஒரு சாட்சி இருக்கிறது. 1930இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் இங்கே உப்பெடுத்தபோது அந்த இயக்கத்தின் உடுப்பு கதர். அந்தப் போராட்டத்தில் சிறை சென்ற ருக்மிணி லட்சுமிபதி 1946இல் சென்னை மாகாண அமைச்சரானார். பருத்தி உடுத்தியதால் இவர்கள் யாருடைய சொல்லுக்கும் எடை குறைந்துவிடவில்லை.

கோட் கட்டாயம் தேவைப்படும் இடம் கோர்ட். அங்கேயும் லைனிங் இல்லாத, அல்லது முதுகில் பாதி மட்டும் லைனிங் வைத்த, கறுப்புப் பருத்தி டிரில் கோட் ஒன்று தைத்துக்கொண்டால் வீட்டிலேயே துவைக்கலாம். லேடீஸ் டெய்லர்கள் பலர் கோட் தைப்பதில்லை. ஜென்ட்ஸ் டெய்லரிடம் கொடுத்தால் மார்பளவைச் சரியாக எடுக்க மாட்டார் என்ற தயக்கம் பெண்களுக்கு. அளவு சரியாக உள்ள ஒரு பழைய கோட்டைக் கொடுத்து அதன்படி தைக்கச் சொல்வது ஒரு வழி. இதைவிட நல்ல வழி, கேட்கிறவர்கள் பொறுப்பேற்பது. கோட் வேண்டும் என்று கேட்கிற நிறுவனம் அதற்கான பணத்தையும் தர வேண்டும். ஒரே மாதிரிச் சேலை எடுத்து ஆசிரியையின் சம்பளத்தில் பிடிக்கும் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். மாநிலம் முழுவதும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் சீருடையை ஆண்டுதோறும் வெட்டித் தைத்துக் கொடுப்பவை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள். வெட்டவும் தைக்கவும் பழகிய கைகள் அங்கே இருக்கின்றன. ஒரு வழக்கறிஞர் சங்கமோ வங்கிக் கிளையோ பள்ளியோ பெண்களின் தோள் அளவைத் தனித்தனியாக எடுத்து, இருபது செட் ஒன்றாக அவர்களிடம் கொடுத்தால், துணியை மொத்த விலையில் வாங்கலாம், தையல் கூலியும் இறங்கும். வரும் கோடைக்குள் தைத்து வாங்க வேண்டுமானால் பொங்கல் தள்ளுபடியிலேயே துணி எடுத்துவிட வேண்டும்.