கணனிக்குள் இருக்கும் குடும்பம்



இம்மாதம் கொஞ்சம் கடினமான விடயம் ஒன்றை எடுத்திருக்கிறேன். பயந்துவிட வேண்டாம். வீட்டுக் கதையோடு தொடங்கினால் இலேசாக விளங்கும்.

எங்கள் உம்மா யாழ்ப்பாணம் சோனகதெருவில் பிறந்து வளர்ந்தவர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, விடுதலைப் புலிகள் கொடுத்த இரண்டு மணித்தியால அவகாசத்தில் ஊரைவிட்டுப் புறப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அந்த நாட்களில் வட மாகாணத்திலிருந்து 70,000க்கும் அதிகமான முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். பலருடைய காணி உறுதிகளும் பிறப்புப் பத்திரங்களும் வீட்டு அலுமாரிகளிலேயே நின்றுவிட்டன. எங்களுக்குப் புத்தளம் ஊராயிற்று. உம்மாவின் ஞாபகம்தான் எங்கள் குடும்பப் பதிவேடாயிற்று.

தங்கச்சியின் மகன் அந்த ஞாபகத்தைக் கணனியில் ஏற்றத் தொடங்கினான். பெயர், பிறந்த ஆண்டு, வீடு இருந்த ஒழுங்கை, துணை, பிள்ளைகள் என்று எல்லாம் பதிந்து முடித்து, "உம்மும்மா, வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டான். திரையில் அடைப்புக்குறிகளும் காற்புள்ளிகளும் இலக்கங்களும் நிறைந்து கிடந்தன. உம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இதென்ன மகன், எங்கட ஆக்கள் ஒருத்தரையும் காணேல்லையே" என்றார்.

ஆட்கள் எல்லோரும் அதற்குள்தான் இருந்தார்கள். கணனிக்குத் தெரிந்தது, உம்மாவுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

வாசகர்களே, ஒரு செய்நிரல் தன்னிடமுள்ள தரவுகளை எப்படி வைத்திருக்கிறது என்று பார்ப்போம். அதற்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. முதலாவது, வரிசை. கடைக்குக் கொடுத்தனுப்பும் துண்டுபோல ஒன்றன்பின் ஒன்றாக. இரண்டாவது, பெயர் ஒட்டிய அறைகள். மல்லி, சீரகம், மஞ்சள் என்று டப்பாக்களில் எழுதி வைப்பதுபோல, 'பெயர்' என்ற அறையில் ஒன்று, 'பிறந்த ஆண்டு' என்ற அறையில் இன்னொன்று. மூன்றாவது, ஒன்றுக்குள் ஒன்று. ஒருவருடைய பதிவில் 'பிள்ளைகள்' என்ற அறைக்குள் ஒரு வரிசை; அந்த வரிசையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பதிவு; அதற்குள் மறுபடியும் பிள்ளைகள்.

இதை அப்படியே திரையில் கொட்டச் சொன்னால், செய்நிரல் தனக்கு வசதியான எழுத்தில்தான் கொட்டும். தமிழ்ப் பெயர்களும் இலக்கங்களாகிவிடுவதுண்டு. யூனிகோட் முறையில் தமிழ் எழுத்துகள் எண்களாகவே குறிக்கப்படுகின்றன. 'அ' என்பதற்கு 2949, 'க' என்பதற்கு 2965. பல மொழிகளின் கருவிகள் ஆங்கிலம் அல்லாத எழுத்தைக் கண்டால், எழுத்துக்குப் பதிலாக அதன் எண்ணைத்தான் எழுதிவைக்கின்றன. தமிழை அப்படியே எழுது என்று நாம் கட்டளையிட்டால் எழுதும். சொல்லாவிட்டால் எழுதாது. உம்மாவின் ஆட்கள் காணாமற்போனதற்குக் காரணம் இதுதான்.

சரி, மருந்து என்ன? இணையப்பக்கம் எழுதும் மொழியான எச்.ரி.எம்.எல். சுவிட்சர்லாந்தின் சேர்ன் ஆய்வுகூடத்தில் ரிம் பேர்னர்ஸ் லீ 1989இல் முன்வைத்த வலைத் திட்டத்திலிருந்து பிறந்தது அது. கோணக் குறிகளுக்குள் ஒரு சிறு சொல்லை எழுதி, 'இது தலைப்பு', 'இது பட்டியல்', 'இது அட்டவணை' என்று உலாவிக்குச் சொல்கிறோம். ஆகவே தரவுகளை மாற்றி எழுத மூன்று விதிகள் போதும். வரிசையாக இருந்தால் பட்டியலாக எழுது. பெயர் ஒட்டிய அறைகளாக இருந்தால் இரண்டு நிரல் கொண்ட அட்டவணையாக எழுது. இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் மதிப்பு. உள்ளே இன்னொரு பெட்டி இருந்தால், அதைத் திறந்து இதே விதிகளை மறுபடியும் செய். எத்தனை தலைமுறை ஆழமானாலும் இந்தச் சின்னக் கட்டளை தன்னைத்தானே அழைத்து வேலையை முடித்துவிடும்.

எங்கள் பிள்ளை இதை எழுதும்போது நான்கு இடங்களில் தடுக்கி விழுந்தான். நீங்கள் விழாமலிருக்கச் சொல்கிறேன்.

ஒன்று: தட்டச்சில் எத்தனை இடைவெளி விட்டாலும், உலாவி அவற்றை ஒரே இடைவெளியாகச் சுருக்கிவிடும். இடைவெளியை நம்பி அழகுபடுத்தினால் எல்லாம் ஒரே வரியாக ஓடும். உள்ளடங்கலைக் காட்ட வேண்டியது பட்டியல்தான்.

இரண்டு: தரவுக்குள்ளேயே கோணக் குறி இருந்தால், உலாவி அதைக் கட்டளை என்று நினைத்துக்கொள்ளும். எனவே பக்கத்தில் போடுமுன் அத்தகைய குறிகளை மாற்றெழுத்தாக மாற்றவேண்டும். முதலில் 'உம்' என்ற பொருள்தரும் அம்பர்சண்ட் குறி, பிறகுதான் கோணக் குறிகள். மாற்றெழுத்துகள் அம்பர்சண்டில்தான் தொடங்குகின்றன. வரிசை மாறினால் மாற்றியதையே திரும்ப மாற்றிவிடுவோம். பிறர் எழுதிக் கொடுத்த விடயங்களைப் பக்கத்தில் காட்டும்போது இது பாதுகாப்புக்கும் அவசியம்.

மூன்று: நம் குடும்பங்களில் மாமன் மகளைக் கட்டுவதும் மச்சான் முறையில் கட்டுவதும் சாதாரணம். கணவரின் பதிவு மனைவியைக் காட்டும். மனைவியின் பதிவு கணவரைக் காட்டும். செய்நிரல் இரண்டுக்குமிடையில் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டேயிருக்கும். ஒவ்வொருவரையும் ஒருமுறை மட்டும் முழுதாக எழுதி, அடுத்தமுறை வரும்போது 'மேலே பார்க்க' என்று இணைப்புக் கொடுத்தால் தீர்ந்தது.

நான்காவது தடுக்கல்தான் பெரியது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இது ஏதோ எங்கள் வீட்டு விளையாட்டு என்று எண்ண வேண்டாம். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு தொடங்கி எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அந்த இழப்பை அறிந்த ஈழத்துத் தமிழர் 2005இல் 'நூலகம்' என்ற மின்னூலகத்தைத் தொடங்கினார்கள். அதில் ஒரு நூலின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நூலக எண், ஆசிரியர், மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் என்று ஓர் அழகான பெட்டி இருக்கும். பதிபவர் எழுதுவது இரட்டை அடைப்புக்குறிக்குள் அறைப்பெயரும் சமக்குறியும் மதிப்பும்தான். மீடியாவிக்கி என்ற மென்பொருள் ஒரு வார்ப்புருவைக் கொண்டு அதை எச்.ரி.எம்.எல். பெட்டியாக்கிக் காட்டுகிறது. வார்ப்புருவை ஒருமுறை திருத்தினால், அதைக் கொண்டு அமைந்த அத்தனை பக்கங்களும் திருந்திவிடும். எரிந்த ஒரு நூலின் இன்னொரு பிரதி எங்கோ ஒரு வீட்டில் கிடைத்து அங்கே ஏறினால், சாதாரண வாசகன் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது இந்த வேலையால்தான்.

இப்போது நான்காவது.

பிள்ளை பக்கத்தைச் செய்து முடித்து மறுபடியும் உம்மாவைக் கூப்பிட்டான். இம்முறை பெயர்கள் தமிழில், தலைமுறை தலைமுறையாகப் படிபோல இறங்கின. உம்மா விரல் வைத்து வாசித்துக்கொண்டே போனார். காலஞ்சென்ற மூத்த மாமாவின் பதிவில் விரல் நின்றது. 'பிள்ளைகள்: இல்லை' என்று இருந்தது.

"இல்லை எண்டு ஆர் சொன்னது? முதல் தாரத்தில ஒரு மகள் இருக்கிறா. எங்கட ஆக்கள் பேச்சுவார்த்தை விட்டு எத்தினையோ வருஷம். அதுக்காக இல்லாமல் போயிடுமோ?" என்றார்.

நடந்தது என்ன? மாமாவின் பிள்ளைகளைப் பற்றிப் பிள்ளை கேட்கவேயில்லை. வெறும் வரிசை ஒன்றை வைத்துவிட்டான். முதலில் அது இரண்டு அடைப்புக்குறிகளாக மறைந்து கிடந்தது. கண்ணுக்குத் தெரியும் சொல்லாக மாறியபோதுதான் பொய் வெளிப்பட்டது. 'இல்லை' வேறு, 'இன்னும் கேட்கவில்லை' வேறு. செய்நிரலில் இரண்டையும் வேறுவேறாக வைக்க வழியிருக்கிறது. பக்கத்திலும் வேறுவேறு சொல்லாகவே காட்டவேண்டும். வெற்றிடமாக விட்டால் வாசிப்பவர் தமக்கு வசதியானதை நிரப்பிக்கொள்வார்.

மாமாவுக்குச் சோனகதெருவில் ஒரு காணித்துண்டு உண்டு. நம் நாட்டில் முஸ்லிம்களின் வாரிசுரிமை 1931ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்படி ஷரீஅத் முறையில் பங்கிடப்படுகிறது. பெற்றோர் உயிரோடில்லை. பிள்ளை இல்லையென்றால் மாமிக்கு நான்கில் ஒன்று; மிச்சம் நான்கில் மூன்றும் உம்மாவுக்கும் அவருடைய சகோதரர்களுக்கும். ஒரே மகள் இருந்தால் அவருக்குப் பாதி. மாமிக்கு எட்டில் ஒன்று. உடன்பிறந்தவர்களுக்கு எட்டில் மூன்று. அதாவது, அந்த ஒரு சொல்லைத் திருத்தியதால் உம்மாவின் பங்கு சரிபாதியாகக் குறைந்தது. அது அவருக்கும் தெரியும். "எழுது மகன், அவட பேரை முதலில எழுது" என்றார்.

அல்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் கடனை எழுதிவைப்பதைப் பற்றியதுதான் என்பதை நாமறிவோம். எழுதுவது ஒரு அமானிதம். எழுதியதை, அது யாரைப் பற்றியதோ அவர்கள் வாசித்துப் பார்க்கும்படி வைப்பது அந்த அமானிதத்தின் மறுபாதி. கணனியில் எவ்வளவு நேர்த்தியாகப் பூட்டி வைத்தாலும், வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவர் விரல் வைத்து வாசிக்க முடியாத பதிவேடு அரைப் பதிவேடுதான்.

ஓர் எச்சரிக்கை. இத்தகைய குடும்பப் பக்கத்தை உங்கள் கணனியிலேயே திறந்து பார்க்கலாம். இணையத்தில் ஏற்ற வேண்டிய அவசியமில்லை. பிறந்த திகதியும் உறுதி விபரமும் ஊரார் பார்வைக்குரியவை அல்ல.

இந்த மாத வேலை இதுதான். கணனி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு கொப்பியை எடுத்து, உங்கள் வீட்டு மூத்தவரிடம் போய் அமருங்கள். தெரியாத இடத்தில் 'இல்லை' என்று எழுதாதீர்கள். 'கேட்கவேண்டும்' என்று எழுதுங்கள். பிறகு போய்க் கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.