4 இன்ச் பிளைண்ட் ஃப்ளாஞ்ச், 12 எண்ணம், என்ன விலை?

இந்த முறை கொஞ்சம் இரும்பு வாசனை அடிக்கும். லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் விலை, பூஜா லீவுக்கு ஊருக்கு டிக்கெட் கிடைக்காத சோகம் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும். ஆனால் ஊரை விட்டு வந்த நம்ம குடும்பங்களில், ஒரு தம்பியோ மச்சானோ ஜுபைலிலோ ஜூரோங்கிலோ ஜாம்நகரிலோ குழாய் வேலையில் இருக்கத்தான் செய்கிறார். அவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். திட்டினால் எனக்கும் சொல்லுங்கள்.

நான் பி.காம். படித்த பேங்க் ஆசாமி. ஸ்பேனர் பிடித்த கை இல்லை. ஆனால் கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து ஹவுரா பக்கத்துச் சிறுதொழில் கடன் கோப்புகளைப் புரட்டிக்கொண்டே இருக்கிறேன். பெலிலியஸ் ரோட்டில் நடந்து போனால் வீட்டுக்கு வீடு லேத் ஓடும் சத்தம் கேட்கும். அந்தக் கோப்புகளில் இருக்கும் கொட்டேஷன்களைப் படித்துப் படித்து எனக்கு ஒரு அபிப்பிராயம் உறுதியாகிவிட்டது. இந்த ஊரில் பாதி வியாபாரத் தகராறு பொருளைச் செய்கிறவனால் வருவதில்லை, விலை கேட்கிறவன் எழுதுகிற ஒற்றை வரியால் வருகிறது.

உதாரணத்துக்கு பிளைண்ட் ஃப்ளாஞ்ச். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குழாயின் கடைசியை மூடுகிற கனமான இரும்பு மூடி, அவ்வளவுதான். நடுவில் ஓட்டை கிடையாது, ஓரத்தில் போல்ட் ஓட்டைகள் மட்டும் இருக்கும். நம்ம ஊர் ஃபிட்டர்கள் 'டம்மி' என்பார்கள். குழாய் வேலையில் இதைவிட எளிமையான சாமான் இல்லை என்று தோன்றும். அதனால்தான் எல்லாரும் அலட்சியமாகக் கேட்கிறார்கள்.

அலட்சியப்படுத்தக் கூடிய சாமானா அது? 4 அங்குலக் குழாயில் 10 பார் அழுத்தத்தில் தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். அந்த மூடியின் மேல் சுமார் 800 கிலோ தள்ளிக்கொண்டிருக்கிறது. நம்ம பழைய மாருதி 800 காரின் எடையைவிட அதிகம். 1988 ஜூலை 6-ம் தேதி வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை வெடித்து 167 பேர் செத்தார்களே, அங்கே கழற்றி வைத்த பாதுகாப்பு வால்வின் இடத்தில் தற்காலிகமாக மாட்டியிருந்த பிளைண்ட் ஃப்ளாஞ்ச் வழியாகத்தான் கசிவு தொடங்கியிருக்க வேண்டும் என்று கல்லன் பிரபுவின் விசாரணை முடிவு சொன்னது. அது வாங்கியதில் நடந்த தப்பு இல்லை, சரியாக இறுக்காததிலும் ஒரு ஷிஃப்டிலிருந்து அடுத்த ஷிஃப்டுக்குத் தகவல் போகாததிலும் நடந்தது. "வெறும் மூடிதானே சார்" என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக அதை இங்கே இழுத்தேன்.

சரி, "4 இன்ச் பிளைண்ட் ஃப்ளாஞ்ச்" என்றால் எது?

அமெரிக்க ஏஎஸ்எம்இ பி16.5 தரத்தில் கிளாஸ் 150 என்றால் வெளிவிட்டம் 229 மி.மீ., போல்ட் ஓட்டைகள் உட்கார்ந்திருக்கும் வட்டம், அதாவது பிசிடி, 190.5 மி.மீ., 8 ஓட்டை. அதே தரத்தில் கிளாஸ் 300 என்றால் வெளிவிட்டம் 254, பிசிடி 200, 8 ஓட்டை. எடையே கிட்டத்தட்ட ஒன்றரை மடங்குக்கு மேல். ஐரோப்பிய முறையில் பிஎன் 16 என்றால் வெளிவிட்டம் 220, பிசிடி 180, 8 ஓட்டை. பழைய பிரிட்டிஷ் பிஎஸ் 10-ல் டேபிள் இ என்றால் 216, 178, 8 ஓட்டை. அதிலேயே டேபிள் டி என்றால் அதே 216, அதே 178, ஆனால் 4 ஓட்டை! இவை அத்தனைக்கும் பெயர் 4 இன்ச் பிளைண்ட் ஃப்ளாஞ்ச்தான். எல்லாம் ஒன்றுக்கொன்று மாட்டிவிடாது.

பிரிட்டிஷ் டேபிளெல்லாம் இன்னும் யார் வைத்திருக்கிறார்கள் என்று சென்னைப் பக்கத்து நண்பர்கள் கேட்கலாம். இது கொல்கத்தா ஐயா. 1855-ல் ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை வந்ததிலிருந்து ஹூக்ளியின் இரு கரையிலும் பிரிட்டிஷ் இயந்திரங்கள்தான் இறங்கின. அந்தப் பழைய ஆலையில் தண்ணீர் லைன் டேபிள் இ-யாக இருக்கும், போன வருஷம் வாங்கிய பம்ப் பிஎன் 16-ஆக இருக்கும், நீராவி லைன் கிளாஸ் 300-ஆக இருக்கும். எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. அங்கே இருந்துகொண்டு ஒற்றை வரியில் விலை கேட்டால் கடைக்காரர் என்ன செய்வார்? "ஹோயே ஜாபே தாதா" என்பார். ஆகிவிடும் என்று அர்த்தம். இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த வார்த்தையும் அதுதான், கோப்பில் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிற வார்த்தையும் அதுதான் :-)

எனக்குத் தெரிந்த ஒரு கதை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ரொம்ப காலமாக ஹவுராவில் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி. ஒரு ஆலையிலிருந்து அவருக்கு ஆர்டர் வந்தது. 11 வரிகள், ஒவ்வொன்றும் அளவு, எம்.எஸ்., எத்தனை எண்ணம் என்பதோடு முடிகிறது. அதில் ஒன்றுதான் நம்ம 4 இன்ச் 12 எண்ணம். எல்லாரும் கேட்பது அதுதானே என்று அண்ணாச்சி கிளாஸ் 150 செய்து கொடுத்தார். ஆலையில் இருந்ததோ டேபிள் இ. ஒன்பதாம் நாள் "பொருள் பொருந்தவில்லை" என்று எழுத்தில் கடிதம் வந்துவிட்டது. மறுபடி துளை போட்டுத் தருகிறேன் என்றார். சல்லடை மாதிரி இருக்கும், வேண்டாம் என்றார்கள்.

யார் பக்கம் நியாயம்? பி.காமில் மெர்க்கன்டைல் லா என்று ஒரு பேப்பர் இருந்தது, பலரும் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்த பேப்பர். 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 15: விவரித்து விற்ற சரக்கு அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் விவரமே 'எம்.எஸ். பிளைண்ட் ஃப்ளாஞ்ச் 4 இன்ச்' என்றால், அண்ணாச்சி கொடுத்தது அதற்குப் பொருந்தத்தானே செய்கிறது? பிரிவு 16 இன்னொரு வழி திறக்கிறது. எதற்காக வாங்குகிறேன் என்று வாங்குபவர் தெரிவித்து, விற்பவரின் திறமையை நம்பியிருந்தால், அந்த வேலைக்குப் பொருத்தமான சரக்கைத் தர வேண்டிய பொறுப்பு விற்பவருக்கு. ஆலை அதையும் எழுதவில்லை. அதாவது ஆலைக்குச் சட்டமும் துணைக்கு வராது, அண்ணாச்சிக்குப் பணமும் வராது.

பணம் வராதது சின்ன விஷயம் இல்லை. 2006-ம் வருஷத்து எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி சிறு உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் அந்த 45 நாள் எப்போது தொடங்கும்? சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. டெலிவரி ஆன 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபித்தால், அந்த ஆட்சேபத்தை விற்பவர் தீர்த்து வைக்கும் நாள்தான் ஏற்றுக்கொண்ட நாள். ஆக கடிகாரமே ஓடாது. இதற்கிடையில் பேங்கில் தகராறில் கிடக்கும் பாக்கியைக் கணக்கில் எடுக்க மாட்டோம், டிராயிங் பவர் குறையும், கேஷ் கிரெடிட் கணக்கு வரம்பைத் தாண்டி நிற்கும். அப்படியே 90 நாள் போனால் வாராக்கடன். ஒரு இரும்பு மூடியின் ஓட்டை வட்டம் ஆறு மி.மீ. தள்ளிப் போனதில் ஒரு மனுஷனின் கடன் வரலாறு கறைபடுகிறது. அண்ணாச்சி விஷயம் நாலு மாசத்தில் பேசி முடிந்தது. அந்தச் சரக்கை நேதாஜி சுபாஷ் ரோட்டு வியாபாரி ஒருவரிடம் நஷ்டத்துக்குத் தள்ளினார். வீட்டு நகை பேங்குக்கு வந்துவிட்டுத் திரும்பியது.

இப்போது எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். மூன்று கொட்டேஷன் வாங்கு, குறைந்ததை எடு என்பது அரசு, பேங்க், அபார்ட்மெண்ட் சங்கம் எல்லாருக்கும் வேதம். நான் பார்த்த கோப்புகளில் அந்த மூன்று எப்படி இருக்கும் தெரியுமா? முதலாவது, ஐஎஸ் 2062 கட்டுமானத் தகட்டை வட்டமாக வெட்டித் துளைத்தது. இரண்டாவது, ஃபோர்ஜ் செய்த ஏ105, ஆனால் சர்டிஃபிகேட் கிடையாது. மூன்றாவது, ஏ105, டெஸ்ட் சர்டிஃபிகேட்டோடு, இடத்தில் கொண்டு வந்து இறக்கும் விலை. இந்த மூன்றையும் ஒரே கட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, குறைந்ததைச் சிவப்பில் வட்டமிட்டு, அதற்கு 'ஒப்பீட்டுப் பட்டியல்' என்று பெயர் வைப்பது ஏமாற்று வேலை. இட்லி, இட்லி மாவு, இட்லி அரிசி மூன்றுக்கும் விலை கேட்டு அரிசிதான் மலிவு என்பது மாதிரி. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் 144-ம் விதியே, வாங்கும் பொருளின் விவரம் அளந்து பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. கொட்டேஷன் மூன்றா என்று எண்ணுகிறோம், மூன்றும் ஒரே பொருளுக்கா என்று பார்ப்பதில்லை.

(தகட்டில் வெட்டுவது எல்லாமே மட்டம் என்று சொல்லவில்லை. பிளைண்டுக்கு பி16.5 தகட்டை அனுமதிக்கிறது. ஆனால் அதற்கென்று பட்டியலிட்ட ஏ516 கிரேடு 70 போன்ற தகடுகளை. கிடங்கில் மிச்சம் கிடந்த தகட்டை இல்லை.)

அப்படியென்றால் எப்படி எழுதுவது? ஒரே ஒரு வரி போதும், ஆனால் முழு வரி: "பிளைண்ட் ஃப்ளாஞ்ச், 4 அங்குலம், கிளாஸ் 150, ரெய்ஸ்டு ஃபேஸ், ஏஎஸ்எம்இ பி16.5, ஏஎஸ்டிஎம் ஏ105 ஃபோர்ஜிங், இஎன் 10204 3.1 சர்டிஃபிகேட்டுடன், 12 எண்ணம்." அப்புறம் விலை பட்டறையிலா நம் வாசலிலா, ஜிஎஸ்டி சேர்த்தா தனியா, போல்ட் நட்டும் கேஸ்கெட்டும் உண்டா என்பது. 3.1 என்று கேட்டால், சர்டிஃபிகேட்டில் உள்ள ஹீட் நம்பர் சாமானின் மேல் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது வெறும் காகிதம். பாய்லர் சட்டத்துக்குள் வரும் நீராவி லைன் என்றால் ஐபிஆர் படிவம் 3-சி வேண்டும் என்று முதலிலேயே எழுத வேண்டும். பொருள் வந்த பிறகு கேட்டால் எந்தக் கடவுளும் தர முடியாது.

முகத்தை எழுத மறக்கிறவர்கள்தான் அதிகம். எதிரில் இருப்பது தட்டையான முகமுள்ள வார்ப்பிரும்பு பம்ப் என்றால், ரெய்ஸ்டு ஃபேஸ் எஃகு மூடியை வைத்து இறுக்கும்போது வார்ப்பிரும்பு விரிசல் விட வாய்ப்பு உண்டு. அங்கே ஃப்ளாட் ஃபேஸ் என்று கேட்க வேண்டும். அதேபோல கிளாஸ் 150 என்றால் 150 பிஎஸ்ஐ என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏ105-ல் அது சாதாரண வெப்பத்தில் 285 பிஎஸ்ஐ, அதாவது 19.6 பார். 400 டிகிரியில் வெறும் 6.5 பார். 'ஷெட்யூல் 40 பிளைண்ட்' என்று கேட்கும் மேதைகளும் உண்டு. ஷெட்யூல் குழாயின் சுவர் கனம். ஓட்டையே இல்லாத மூடிக்கு அது எதற்கு!

இதன் மறுபக்கமும் இருக்கிறது. எங்கோ ரிஃபைனரி டெண்டரிலிருந்து நாலு பக்கத்தை அப்படியே ஒட்டி, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு இம்பேக்ட் டெஸ்ட் எல்லாம் கேட்கிறார்கள். பட்டறைக்காரர் பயந்துபோய் விலையை ஏற்றுவார், இல்லை படிக்காமலே "ஹோயே ஜாபே" என்பார். தேவைக்கு மேல் சேர்க்காதே என்பதும் அதே 144-ம் விதியில் இருக்கிறது.

"இவ்வளவும் எழுதத் தெரிந்தால் நான் ஏன் சார் கடைக்குப் போகிறேன்" என்று சின்ன பட்டறைக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தரத்தின் பெயர் தெரியாவிட்டால் போகட்டும். குழாயில் என்ன ஓடுகிறது, எத்தனை பார், எத்தனை டிகிரி என்று எழுதுங்கள். பிரிவு 16 அங்கேதான் கைகொடுக்கும். எந்தத் தரத்துக்குச் செய்கிறேன் என்பதை விற்பவரின் கொட்டேஷனிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கூடவே எதிரில் இருக்கும் ஃப்ளாஞ்சை டேப் வைத்து அளந்து ஐந்து எண் அனுப்புங்கள்: வெளிவிட்டம், கனம், ஓட்டை எத்தனை, ஓட்டையின் விட்டம், பிசிடி. பிசிடி எடுக்க நடுப்புள்ளியைத் தேட வேண்டாம். ஒரு ஓட்டையின் இடது ஓரத்திலிருந்து நேர் எதிர் ஓட்டையின் இடது ஓரம் வரை அளந்தால் அதுதான் பிசிடி. அண்ணாச்சி பட்டறைப் பையன் சொல்லிக் கொடுத்தது. வாட்ஸப்பில் போட்டோவும் அனுப்பலாம், ஆனால் டேப்பை மேலே வைத்து எடுங்கள். டேப் இல்லாத போட்டோவில் 4 இன்ச்சும் 14 இன்ச்சும் ஒன்றுபோலத்தான் தெரியும்.