கீறலைப் பார்த்தவன் கிடாரைப் பார்க்கவில்லை

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஏதாவது ஒரு பட்டுக்கடையில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பாருங்கள். புடவையை விரித்துப் போட்டதும் அம்மாக்கள் செய்கிற முதல் வேலை, அதைத் திருப்பிப் பார்ப்பதுதான். முகப்பு எவ்வளவு மின்னினாலும் சரி, உள்பக்கத்தைப் பார்க்காமல் விலை பேச மாட்டார்கள். விவரம் தெரிந்தவர் என்றால் கரையில் ஒரு ஜரிகை இழையை நகத்தால் லேசாகச் சுரண்டுவார். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் நல்ல ஜரிகை. வெள்ளையாக ஏதாவது எட்டிப் பார்த்தால் அந்தப் புடவை திரும்பவும் அலமாரிக்குப் போய்விடும்.

அதே வீட்டுப் பையன் செகண்ட் ஹேண்ட் எலெக்ட்ரிக் கிடார் வாங்கக் கிளம்புகிறான். என்ன செய்கிறான்? விளம்பரத்தில் இருக்கும் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறான். "ப்ரோ, பின்னாடி ஒரு ஸ்க்ராட்ச் தெரியுதே?" அவ்வளவுதான் விசாரணை! கீறல் இல்லாத இன்னொரு கிடாரைக் கூடுதல் காசு கொடுத்து வாங்கி, சென்னையிலிருந்து 75 கிலோமீட்டர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருகிறான். வீட்டுக்கு வந்து வாசித்தால் மூன்றாம் மெட்டில் கம்பி கரகரவென்று அலறுகிறது. ஐந்து தலைமுறையாக ஜரிகையைச் சுரண்டிப் பார்த்த ஊரில் பிறந்துவிட்டு இது என்ன ஏமாளித்தனம்?

எலெக்ட்ரிக் கிடாரில் சத்தம் எங்கிருந்து வருகிறது? இரும்புக் கம்பி அதிர்கிறது, அதற்குக் கீழே பிக்கப்பில் இருக்கும் காந்தமும் செப்புச் சுருளும் அந்த அதிர்வை மின்சாரமாக மாற்றுகின்றன. உடம்பின் பின்பக்கத்தில் பெல்ட் பக்கிள் உரசிய தழும்புக்கு இதில் எந்த வேலையும் இல்லை. விலை குறைந்த கிடார்களில் பெரும்பாலும் பூசியிருப்பது தடிமனான பிளாஸ்டிக் மாதிரியான பூச்சு. அதன் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்தால் கிடாருக்கு வலிக்காது, வாங்குகிறவர் மனசுக்குத்தான் வலிக்கும்.

வலிக்க வேண்டிய இடம் வேறு. ஃப்ரெட் என்று கடையில் சொல்வதை வீணைக்காரர்கள் மெட்டு என்பார்கள். கம்பியை அழுத்தி அழுத்தி வாசிக்கும்போது, முக்கியமாக முதல் மூன்று நான்கு மெட்டுகளில், கம்பிக்கு நேர் கீழே பள்ளம் விழும். கிடார் மெட்டை நிக்கல் சில்வர் என்ற உலோகத்தில் செய்வார்கள். செம்பு, நிக்கல், துத்தநாகம் எல்லாம் இருக்கும், பெயரில் இருக்கிற சில்வர் மட்டும் பொட்டுக்கூட இருக்காது. (போலி ஜரிகைக்கு ஒன்றுவிட்ட தம்பி!) பள்ளம் லேசாக இருந்தால் எல்லா மெட்டையும் ஒரே மட்டமாக ராவி, மறுபடி உருட்டிக் கொடுப்பார்கள். ஆனால் ஒவ்வொரு தடவை ராவும்போதும் உயரம் குறையும். அதற்கும் ஒரு எல்லை உண்டு. எல்லை தாண்டினால் மொத்த மெட்டையும் பிடுங்கிப் புதிதாக அடிக்க வேண்டும். சின்ன கிடாருக்கு அந்தக் கூலி, கிடாரின் விலையையே எட்டிப் பிடித்துவிடும். வீணை வாங்கப் போகிறவர் முதலில் மேளத்தைத்தான் பார்ப்பார், அதாவது மெழுகில் பதித்த அந்த 24 மெட்டும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று. குடத்தில் வார்னிஷ் போயிருப்பதைப் பற்றி அப்புறம்தான் பேச்சு. கிடார் என்றதும் மட்டும் இந்த அறிவு எங்கே போகிறது?

விற்கிறவர்களையும் சும்மா விட முடியாது. "காஸ்மெடிக் வேர் மட்டும்தான்" என்று ஒரு மந்திரம் வைத்திருக்கிறார்கள். வெளித்தோற்றத் தேய்மானம் மட்டும்தானாம், மற்றபடி சூப்பராம். அந்த 'மட்டும்'தான் வில்லன். பிரிட்ஜில் உள்ள குட்டி ஸ்க்ரூக்கள் துருப்பிடித்திருப்பதையும் இதே கணக்கில் எழுதிவிடுவார்கள். சென்னையின் உப்புக்காற்றில் இது சர்வ சாதாரணம். ஆனால் அந்த ஸ்க்ரூ இறுகிப்போனால் கம்பியின் உயரத்தையும் நீளத்தையும் சரிசெய்யவே முடியாது, சுருதி சேராது. தலைப்பகுதிக்குப் பக்கத்தில் ஒரு கோடு தெரிந்தால் அது பெயின்ட் வெடிப்பா, மரமே விரிசல் விட்டிருக்கிறதா என்று விளக்கை வைத்துப் பார்த்து, விரலால் தடவிப் பார்க்க வேண்டும். முதலாவது ஒன்றுமேயில்லை. இரண்டாவது கிடாருக்கே முடிவு கட்டலாம். விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை!

அடுத்து 'மின்ட் கண்டிஷன்' பக்தர்கள். அஞ்சு வருஷமா கேஸிலேயே இருந்தது, கை படவே இல்லை என்றால் இவர்களுக்குப் புல்லரித்துவிடும். பட்டுப்புடவையை மடித்த மடிப்பிலேயே பீரோவில் வருஷக்கணக்காகப் போட்டுவைத்தால் என்ன ஆகும் என்று எந்தப் பாட்டியிடமும் கேளுங்கள். மடிப்பு ஓரத்தில் இற்றுப்போகும், ஜரிகை கறுக்கும். அதனால்தான் அவ்வப்போது எடுத்து நிழலில் உலர்த்தி மடிப்பை மாற்றி வைக்கிறார்கள். கிடாரும் அப்படித்தான். கம்பியின் இழுவை இரவும் பகலும் கழுத்தை வளைத்துக்கொண்டே இருக்கும். பெட்டிக்குள் ஈரம் தங்கி உலோகத்தைத் தின்னும். தினமும் வாசித்து, துடைத்து, கம்பி மாற்றி, முதுகெல்லாம் தழும்பு வாங்கிய கிடார் பல சமயம் இந்தப் பெட்டி ராணியைவிட ஆரோக்கியமாக இருக்கும்.

கீறல் இருந்தால் திரும்ப விற்கும்போது விலை போகாதே என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். அதே காரணத்தைச் சொல்லி வாங்கும்போதே விலையைக் குறையுங்களேன்! நல்ல மெட்டும் நேரான கழுத்தும் உள்ள கிடார் தழும்பு புண்ணியத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்றால், காலேஜ் பாக்கெட் மணியில் வாங்குகிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிற கூட்டமும் உண்டு. அயர்லாந்தின் ரோரி கல்லகர் 1963-இல் கார்க் நகரத்துக் கடையில் ஒரு பழைய ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் வாங்கினார், 1961-இல் செய்தது. வியர்வையும் உழைப்பும் சேர்ந்து பெயின்ட் பெரும்பாலும் உரிந்து, வெறும் மரமாய் நின்றது அந்தக் கிடார். 2024 அக்டோபரில் லண்டன் ஏலத்தில் 8,89,400 பவுண்டுக்குப் போனது. அங்கே விலை போனது அந்த மனிதர் வாசித்த வாசிப்பு. ஆனால் ரசிகர்களுக்கு உரிந்த பெயின்ட் மட்டும்தான் கண்ணில் படுகிறது. ஃபெண்டர் நிறுவனம் 1995-லிருந்து புதுக் கிடாரையே பழசு மாதிரித் தேய்த்து 'ரெலிக்' என்ற பெயரில் நல்ல விலைக்கு விற்கிறது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் புதுப் புடவையை முள்வேலியில் இழுத்துக் கிழித்து, கூடுதல் விலை சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தெருவில் 'பழைய பட்டுப்புடவை எடுக்கிறோம்' என்று வருகிற வியாபாரி இவர்கள் எல்லோரையும்விடத் தெளிவானவர். சாம்பார்க் கறையையும் பார்ப்பதில்லை, கிழிசலையும் பார்ப்பதில்லை. ஜரிகையைப் பார்க்கிறார், எடை போடுகிறார். எரித்தால் எவ்வளவு வெள்ளி தேறும் என்பதுதான் அவர் கணக்கு.

கிடாருக்கும் சுரண்டிப் பார்க்கும் வேலை இருக்கிறது, பத்து நிமிஷம் போதும். ஆறு கம்பியிலும் ஒவ்வொரு மெட்டையும் வாசித்துப் பாருங்கள், எங்கேயாவது அலறுகிறதா என்று. முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரே கம்பியை அழுத்திப் பிடித்து, நடுவில், ஏழு எட்டு மெட்டுப் பக்கம் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். மயிரிழை அளவு இருக்கலாம், பாலம் கட்டுகிற அளவு இருக்கக்கூடாது. அதிகமாக இருந்தால் கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடு இன்னும் திரும்புகிறதா என்று விற்பவரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஆம்ப்ளிஃபையரில் மாட்டி, பிக்கப் மாற்றும் சுவிட்சின் எல்லா நிலையிலும் வாசியுங்கள். வால்யூம் குமிழ் கரகரத்தால் பெரும்பாலும் க்ளீனர் ஸ்ப்ரேயிலேயே சரியாகிவிடும். ஒரு பிக்கப் மௌனமாக இருந்தால் விலையில் பேச வேண்டியதுதான்.

இது எல்லாமே நேரில் போன பிறகு. போவதற்கு முன்னாலேயே முதல் நான்கு மெட்டுகளை மட்டும் கிட்டத்தில் வைத்து, வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதைக் கேட்டதற்கு, பளபளக்கும் முன்பக்கத்தையே நாலாவது தடவையாக அனுப்பிவைக்கிறார் என்றால் பஸ் காசாவது மிச்சம்.