முதல் விற்பனை யார் கையில்?

திருவனந்தபுரத்துக்கு வடக்கே மரியநாடு கரையில், 1970 வாக்கில் மீனவர்கள் சங்கம் அமைத்ததும் முதலில் கைவைத்தது ஏலத்தில். அதுவரை வலைக்கும் வள்ளத்துக்கும் முன்பணம் தந்த வியாபாரிக்குத்தான் மீனைப் போட வேண்டும். விலையும் அவர் வைத்ததே. சங்கம் தன் ஆளை நிறுத்தி ஏலம் விட்டது. எடுத்தவரிடம் பணம் வசூலிக்கும் தலைவலியைத் தானே சுமந்தது. ஏலத்தொகையில் ஒரு பங்கு கடனுக்கு, கொஞ்சம் சேமிப்புக்கு, கொஞ்சம் சங்கச் செலவுக்கு. மீன்பாடு இல்லாத நாளில் பிடித்தமும் இல்லை. மாதத் தவணை என்று பழகிய வங்கிக்காரர்களுக்கு இது கணக்காகவே படாது; கடலுக்குப் போகிறவருக்கு இதுதான் கணக்கு. இந்த ஏற்பாடு கரை கரையாகப் பரவி, 1980இல் ‘சிஃப்ஸ்’ என்னும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பானது. குமரி மாவட்டத்துக்கும் வந்தது. படகு கட்டும் தளம், அவுட்போர்டு எஞ்சின் எல்லாம் அதன்மேல் வளர்ந்தவை.

உழவர் அமைப்புகள் கட்டும் நாம் தலைகீழாகத் தொடங்குகிறோம். 2020இல் வந்த 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில், ஓர் அமைப்பின் நிர்வாகச் செலவுக்கு மூன்றாண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். நல்ல உதவிதான். ஆனால் பதிவு, லோகோ, மதிப்புக்கூட்டல் பயிற்சி, கண்காட்சியில் ஸ்டால் என்று பல இடங்களில் காலம் ஓடிவிடுகிறது. உறுப்பினரின் மூட்டை பழைய மண்டிக்கே போகிறது. மானியம் நின்ற மாதம் மேலாளரும் போய்விடுகிறார்.

மண்டிக்காரரைத் திட்டிப் பயனில்லை. இரவில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் அவர் கதவைத்தான் தட்ட முடிகிறது. அவர் தீர்மான நகல் கேட்பதில்லை. நம் சங்கமோ செயற்குழு கூடட்டும் என்கிறது. விற்பனையை அவரிடமிருந்து எடுக்க நினைப்பவர்கள் அந்த அவசரக் கடனையும் சேர்த்து எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் உறுப்பினர் நம் கூட்டத்துக்கு வருவார், சரக்கு அங்கே போகும்.

சிஃப்ஸ் மாதிரியிலும் இடைவெளி உண்டு. கடலுக்குப் போகிறவர்தான் உறுப்பினர் என்றதால், அதே மீனைக் கூடையில் சுமந்து விற்கும் பெண்கள் வெளியே நின்றார்கள். உற்பத்தியாளர் யார் என்று துணைவிதி எழுதும்போதே கேட்க வேண்டிய கேள்வி அது.

அடுத்த இதழிலிருந்து, கள அறிக்கை அனுப்பும் நண்பர்கள் உறுப்பினர் எண்ணிக்கையோடு இன்னும் இரண்டைச் சேர்த்து எழுதுங்கள்: சென்ற பருவத்தில் உறுப்பினர் விளைச்சலில் எவ்வளவு சங்கம் வழியாக விற்றது, மேலாளர் சம்பளம் எந்தப் பணத்திலிருந்து போனது.