கிண்ணமும் கடன் கொப்பியும்

2008 மே மாதம் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கிண்ணத்தை போர்ட்ஸ்மவுத் என்ற துறைமுக நகரத்தின் கழகம் வென்றது. வெம்ப்ளி மைதானத்தில் கார்டிஃப் அணியை 1-0 என்று தோற்கடித்து, ஊரே திரண்டு ஊர்வலம் வைத்தது. அதிலிருந்து இரண்டு வருடம் முடியவில்லை. 2010 பெப்ரவரி 26 ஆம் திகதி அதே கழகம் கடனைக் கட்ட வழியில்லாமல் வெளியார் ஒருவரின் நிர்வாகத்தில் ஒப்படைக்கப்பட்டது. பிரிமியர் லீக்கில் அந்த நிலைக்கு வந்த முதற் கழகம் அதுதான். தண்டனையாக 9 புள்ளிகள் வெட்டப்பட்டன. கடன் 10 கோடி பவுணைத் தாண்டியிருந்தது. அவர்களது மைதானத்திலோ 20,000 பேர் அளவில்தான் இருந்து பார்க்க முடியும்.

உதைபந்தாட்டத்துக்கு வியாபாரப் பக்கத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். அட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் எந்த லயத்துக்குப் போனாலும் இங்கிலாந்துக் கழகங்களின் பெயர் தெரிந்த இளைஞர் இருப்பர். எந்த அணி எந்த வீரரை எவ்வளவுக்கு வாங்கியது என்பதை விரல் நுனியில் வைத்திருப்பர். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, கடைசியில் யார் தலையில் விழுந்தது என்பதைத்தான் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. வியாபாரியாகிய எனக்கு அந்தக் கழகம் போட்ட கோல்களை விட, அது யாருக்கெல்லாம் கடன் என்ற பட்டியல்தான் முக்கியமாகப் பட்டது.

அந்தப் பட்டியலில் பெரிய வங்கிக்காரரும் வரித் திணைக்களமும் இருந்தது அதிசயமல்ல. சென் ஜோன்ஸ் அம்பியூலன்ஸ் தொண்டர் படையும் அதில் இருந்தது. மைதானத்தில் விழுந்தவருக்கு முதலுதவி செய்ய நிற்பவர்கள் அவர்கள். அவர்களுக்கு வர வேண்டியிருந்தது சுமார் 2,700 பவுண். ஒரு முன்னணி வீரர் ஒரு நாளில் சம்பாதிக்கக்கூடிய தொகை அது.

இங்கிலாந்து லீக்குகளில் ஒரு விதி உண்டு. கழகம் வங்குரோத்தானால் வீரர்களின் சம்பளத்தையும், மற்றக் கழகங்களுக்குக் கொடுக்க வேண்டிய வீரர் விலையையும் சதம் குறையாமல் முதலில் தீர்க்க வேண்டும். இல்லாவிட்டால் லீக்கில் இடமில்லை. மிஞ்சியதைத்தான் மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இது அநியாயம் என்று வரித் திணைக்களம் வழக்குப் போட்டு 2012 இல் தோற்றது. போர்ட்ஸ்மவுத்தில் அந்த மற்றவர்களுக்கு முன்வைக்கப்பட்ட ஏற்பாடு, 100 பவுணுக்கு 20 பவுண், அதுவும் ஐந்து வருடத்தில். அது முழுதும் தீருமுன்பே 2012 பெப்ரவரியில் கழகம் மறுபடியும் விழுந்தது. உயர்ந்த சம்பளம் வாங்கியவருக்கு முழுப் பணம். மருந்துப் பெட்டியோடு நின்றவருக்கு ஐந்தில் ஒரு பங்கு.

இதில் நமது ஆட்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விடயமும் உண்டு. 2009-10 பருவத்தில் மட்டும் அந்தக் கழகத்துக்கு நான்கு உரிமையாளர்கள். அவர்களில் இருவர் அரபு நாட்டவர். அரபுச் செல்வர் வாங்கிவிட்டார் என்றதும் பணம் ஆறாக ஓடும் என்று எல்லோரும் நம்பினர். வீரர்களின் சம்பளமே தாமதமானது. பெயரையும் ஊரையும் மார்க்கத்தையும் பார்த்துக் கடன் கொடுக்கிற வழக்கம் நம்மிடமும் இல்லையா? வரவு செலவைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்து, சலாம் சொன்னவருக்குச் சரக்கைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் பிறகு கைசேதப்படுகிறோம்.

கடன் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மலைநாட்டுக் கடைத்தெரு கடனில் வளர்ந்தது. தோட்டத்தில் சம்பளம் மாதம் ஒரு தடவை. அதுவரை அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் கொப்பியில் எழுதித்தான் போகும். அந்தக் கடனுக்குப் பின்னால் ஏற்கனவே பறித்த கொழுந்து இருக்கிறது. நாள் பெயர் விழுந்திருக்கிறது, சம்பளம் வரும். கழகங்கள் வாங்கியது வேறு வகைக் கடன். லீட்ஸ் யுனைட்டெட் கழகம் வருங்கால நுழைவுச் சீட்டு வருமானத்தை ஈடு வைத்து 6 கோடி பவுண் வாங்கி வீரர்களை எடுத்தது. 2001 இல் ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனது. அடுத்த பருவங்களில் அந்தப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. 2004 இல் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது, சொந்த மைதானத்தையும் விற்றது, 2007 இல் வங்குரோத்தானது. மரம் நடுமுன்பே கொழுந்தை விற்ற கணக்கு அது. உழைத்த கூலியை நம்பி வாங்குவதும் வெல்லாத கிண்ணத்தை நம்பி வாங்குவதும் ஒன்றல்ல.

நமது பக்கத்துக் கழகங்களைப் பாருங்கள். சுற்றுப்போட்டி என்றால் சீருடை, பந்து, ஒலிபெருக்கி, கூடாரம், கிண்ணம், சாப்பாடு எல்லாம் வேண்டும். “ஜெயித்தால் பரிசுப் பணம் வரும், அதில் தருகிறோம்” என்ற வார்த்தையின் பேரில் பாதிச் சாமான் கடைகளிலிருந்து போகிறது. பத்து அணி விளையாடினால் ஒன்றுதான் ஜெயிக்கும். மற்ற ஒன்பது அணியின் கடனும் கடைக்காரரின் கொப்பியில் கிடக்கும். நிர்வாகம் மாறியதும், “அது பழைய ஆட்கள் வாங்கியது” என்று பதில் வரும். கேட்கப் போனவர் விளையாட்டுக்கு எதிரி ஆகிவிடுவார்.

கழகங்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. பள்ளிவாசல் கட்டட வேலையிலும் இதே கதை உண்டு. வெளிநாட்டிலிருந்து ஒரு தனவந்தர் தருவதாகச் சொன்ன வாக்கை நம்பி அத்திவாரம் போட்டுவிட்டு, சீமெந்தும் கம்பியும் கடனுக்கு எடுத்து, வருடக்கணக்கில் ஹாட்வெயார்க்காரரை அலைய விடுகிற நிர்வாகங்கள் இருக்கின்றன. பள்ளிக் கடனைக் கேட்க அவருக்கு வாய் வராது. வாய் வராது என்று தெரிந்தே அவரைக் கடைசிக்குத் தள்ளுகிறோம்.

பெரிய இடங்களிலும் கடைசிக்குத் தள்ளப்படுவது எளியவர்தான். அரச நிர்வாகத்தில் இருந்த தோட்டங்களில், தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் பல வருடங்கள் கட்டப்படாமல் நிலுவையில் கிடந்தது பாராளுமன்றத்திலேயே பேசப்பட்ட விடயம். 2022 ஏப்ரலில் நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தபோது, கடன் வாங்கிய அமைச்சர் எவரும் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றதாக நான் காணவில்லை. லயத்து ஆட்கள் நின்றனர். செலவழிப்பவர் ஒருவர், கட்டுபவர் வேறொருவர் என்று ஆகிவிட்டால் கழகமும் ஒன்றுதான், நாடும் ஒன்றுதான்.

நமது மார்க்கம் இந்த இடத்தில் மிகக் கண்டிப்பானது. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம், சூரத்துல் பகராவின் 282 ஆவது வசனம், தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ அல்ல, கடனை எழுதி, சாட்சி வைப்பதைப் பற்றியது. கடனோடு மரணித்தவரின் ஜனாஸாவைத் தொழுவிக்க நபி (ஸல்) அவர்கள் தயங்கி நின்று, அபூ கதாதா (ரழி) அவர்கள் அந்தக் கடனைப் பொறுப்பேற்ற பிறகே தொழுவித்த வரலாறும் நாம் அறிந்ததே. வசதியற்ற கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிற மார்க்கம்தான் வாங்கியவரின் பொறுப்பை இவ்வளவு பாரமாக வைத்திருக்கிறது.

போர்ட்ஸ்மவுத் எப்படி மீண்டது என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று தடவை இறங்கி நான்காம் பிரிவுக்குப் போன கழகத்தை 2013 இல் இரசிகர்களே வாங்கினர். ஒரு பங்கு 1,000 பவுண். தனியாக முடியாதவர்கள் கூட்டாகச் சேர்ந்து பங்கு எடுத்தனர். வரவுக்குள் செலவு என்று நடத்தி, 2014 செப்டெம்பரில் பழைய கடன்கள் தீர்ந்ததாக அறிவித்தனர். 2017 இல் நான்காம் பிரிவில் முதலிடம் பெற்று மேலே ஏறினர். எல்லாக் கழகத்துக்கும் அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. 1885 இல் தொடங்கிய பரி கழகம் 2019 ஓகஸ்ட் மாதம் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது.

கனவு இல்லாமல் அணி இல்லை, கணக்குப் பார்த்தால் விளையாட முடியாது என்று இளைஞர்கள் வாதாடலாம். கனவு காண்பதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஐரோப்பாவின் பெரிய கழகங்களுக்கே இன்று, வருமானத்தில் நூற்றுக்கு 70 க்கு மேல் அணிக்குச் செலவழிக்கக் கூடாது என்ற விதி வந்துவிட்டது. இங்கிலாந்தில் கழகங்களின் கணக்கைக் கண்காணிக்க 2025 இல் தனிச் சட்டமே நிறைவேறியது. கோடிகள் புரளும் இடத்துக்கு வேண்டிய கட்டுப்பாடு, உண்டியல் குலுக்கிப் பந்து வாங்கும் நமது கழகங்களுக்கு வேண்டாமா?

ஆகவே அடுத்த சுற்றுப்போட்டிக்கு முன் கழகப் பொருளாளர்கள் மூன்று காரியம் செய்யட்டும். கையில் உள்ள பணத்துக்கு மட்டும் சாமான் எடுக்கட்டும், பரிசுப் பணத்தை வரவில் எழுத வேண்டாம். கடன் எடுத்தே ஆக வேண்டுமானால் கழகத்தின் பெயரில் அல்ல, இரண்டு பேரின் கையொப்பத்தில் எடுக்கட்டும். போட்டி முடிந்த கிழமையே வரவு செலவை எழுதி ஊரார் பார்க்கும்படி ஒட்டட்டும். பணம் குறைந்தால் ஒலிபெருக்கிக்காரருக்கும் சாப்பாடு சமைத்தவருக்கும் முதலில் கொடுத்துவிட்டு, வெற்றி விருந்தைக் கடைசிக்குத் தள்ளட்டும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் இதையே செய்தால் ஊருக்கு நல்ல முன்மாதிரி.

வியாபாரிகளாகிய நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு. கழகத்துக்கு உதவ விரும்பினால் அன்பளிப்பாகக் கொடுத்து மறந்துவிடுவோம். கடனாகக் கொடுத்தால் எழுதுவோம், சாட்சி வைப்போம், எந்த வருமானத்தில் கட்டப் போகிறீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்போம். கொடுக்கும்போது கேட்கிற அந்தக் கேள்வி, பிறகு வரும் மனக்கசப்பைத் தடுக்கும். அல்லாஹ் நமது கொடுக்கல் வாங்கல்களைச் சீராக்கி வைப்பானாக.