சுவரில் ஐந்து படங்கள்: வீட்டுப்பாடமும் ஆட்டிசக் குழந்தைகளின் உரிமையும்

சென்னை நகரத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்கள் வாழும் பெரும்பாக்கம், கண்ணகி நகர் குடியிருப்புகளில் மாலை ஆறு மணி எப்படி இருக்கும் என்பது அங்கே போய் வந்த தோழர்களுக்குத் தெரியும். ஒரே அறையில் சமையல், தொலைக்காட்சி, தம்பி தங்கையின் சண்டை. வெளியே தண்ணீருக்கான கூச்சல். வீட்டு வேலைக்கோ தூய்மைப் பணிக்கோ போன அம்மா திரும்ப ஏழு மணி ஆகும். அந்த அறையின் மூலையில்தான் பிள்ளை உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத வேண்டும்.

அந்தப் பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். "நோட்டை எடு" என்று பத்து முறை சொன்னாலும் எடுக்கமாட்டாள். கையில் திணித்தால் அலறுவாள், தன் கையைத் தானே கடித்துக்கொள்வாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அம்மா கடைசியில் அடித்துவிடுவார். மறுநாள், வீட்டுப்பாடம் முடிக்காததற்காக வகுப்பில் கடைசி பெஞ்சு. சில மாதங்களில் "இதுக்குப் படிப்பு ஏறாது" என்ற தீர்ப்பு. அதன்பின் அவள் பள்ளிக்கு வருகிறாளா இல்லையா என்று எவரும் கேட்பதில்லை.

சாதி ஒழிப்பு பேசும் இடத்தில் இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். "இதுக்குப் படிப்பு ஏறாது" என்ற அந்த ஒரு வரி போதும், இது நம் பிரச்சினைதான் என்று சொல்ல. தலைமுறை தலைமுறையாக நம்மைப் பார்த்துச் சொல்லப்பட்ட வரி அது.

முதலில், அந்த மாலையை மாற்றக்கூடிய எளிய வழி ஒன்றைப் பார்ப்போம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்குக் காதில் விழும் சொல்லைவிடக் கண்ணில் தெரியும் படம் எளிதில் பிடிபடும். சொல் வாயிலிருந்து வந்தவுடன் மறைந்துவிடுகிறது. படம் அங்கேயே இருக்கிறது. "சீக்கிரம் முடி", "இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்று நாம் சொல்வதில் எவ்வளவு என்ற அளவு இல்லை. அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியாத அச்சமே பல நேரம் அலறலாக வெளிப்படுகிறது. குழந்தைக்குத் தெரிய வேண்டியவை நான்கு: என்ன வேலை, எவ்வளவு வேலை, எப்போது முடியும், முடிந்தபின் என்ன. இந்த நான்குக்கும் வாய் திறக்காமல் பதில் சொல்வதுதான் படவழி அட்டவணை.

இதற்குச் செலவு அதிகமில்லை. பழைய காலண்டர் அட்டையை வெட்டி ஐந்து துண்டுகளாக்கலாம். கை கழுவுவது, சாப்பிடுவது, நோட்டு, மூன்று கணக்கு, விளையாட்டு என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம் வரையலாம், அல்லது நாளிதழிலிருந்து வெட்டி ஒட்டலாம். ஒரு கயிற்றில் துணி கிளிப் போட்டு, மேலிருந்து கீழாகவோ இடமிருந்து வலமாகவோ, தினமும் ஒரே இடத்தில் மாட்ட வேண்டும். ஒவ்வொரு வேலை முடிந்ததும் குழந்தையே அந்த அட்டையைக் கழற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். "முடிந்தது" என்பதை அவள் தன் கையால் அறிகிறாள். தொடக்கத்தில் ஐந்துகூட வேண்டாம். "முதலில் இது, பிறகு அது" என்று இரண்டு அட்டை போதும். படம் புரியாத குழந்தைக்குப் பொருளையே காட்டலாம்: தட்டு என்றால் சாப்பாடு, பென்சில் என்றால் எழுத்து.

சில அட்டைகளை மறக்கக் கூடாது. மின்சாரம் போனால், விருந்தாளி வந்தால், வழக்கம் மாறும் நாளுக்கு ஒரு "மாற்றம்" அட்டை. களைத்துப்போனால் குழந்தையே எடுத்து நீட்ட ஒரு "ஓய்வு" அட்டை. "வேண்டாம்" என்று சொல்ல ஓர் அட்டை. இந்தக் கடைசி இரண்டும் இல்லாவிட்டால் அட்டவணை வெறும் கட்டளைப் பலகையாகிவிடும். பேச்சு வராத குழந்தைக்கும் மறுக்கும் உரிமை உண்டு என்பது சுயமரியாதையின் பாலபாடம். அதேபோல, தண்டனையாக அட்டைகளைப் பிடுங்குவதும், "இப்போதுதான் நன்றாகச் செய்கிறாளே" என்று அவற்றை நீக்கிவிடுவதும் தவறு. கண்ணாடி போட்டுப் படிக்கும் பிள்ளையிடம் நன்றாகப் படிக்கிறாய் என்று கண்ணாடியைக் கழற்றுவோமா?

இது எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி பலன் தரும் மந்திரம் அல்ல. ஆட்டிசத்தைக் "குணப்படுத்தும்" வேலையும் இதற்கில்லை. ஆட்டிசம் என்பது மூளை இயங்கும் விதத்தில் உள்ள வேறுபாடு. அந்த வேறுபாட்டோடு ஒரு குழந்தை அச்சமின்றி ஒரு மாலையைக் கடக்க உதவும் கருவி இது, அவ்வளவே.

இந்தக் கருவி பிறந்த கதையிலேயே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 1943இல் அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் லியோ கேனர் ஆட்டிசத்தை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே கோலோச்சிய விளக்கம், பாசமற்ற தாயால்தான் குழந்தை இப்படி ஆகிறது என்பது. "குளிர்சாதனப் பெட்டித் தாய்" என்றே பெயர் வைத்தார்கள். புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் எழுதிய நூல் அந்தப் பழியை உலகம் முழுவதும் பரப்பியது. ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட் 1964இலேயே அதை மறுத்து எழுதியிருந்தார். எரிக் ஷாப்ளர், பெற்றோரைக் குற்றவாளிகளாகப் பார்க்காமல் ஆசிரியருடன் சேர்ந்து உழைப்பவர்களாக நடத்தினார். அவர் தொடங்கிய டீச் திட்டம் 1972இல் வட கரோலினா மாநிலம் முழுமைக்கும் விரிந்தது. படவழி அட்டவணை அந்தத் திட்டத்தில்தான் வளர்ந்து செழித்தது. தாயைப் பழிப்பதை நிறுத்திய பிறகே குழந்தைக்கு உதவும் வழி திறந்தது.

நம் ஊரில் தாயைப் பழிக்க உளவியல் நூல் தேவைப்படவில்லை. அதற்குக் கர்மவினை இருக்கிறது. முற்பிறவியில் செய்த பாவம், குலதெய்வக் குற்றம், கிரகண நேரத்தில் வெளியே வந்தாள் என்று காரணங்கள் அடுக்கப்படும். சேரியில் பிறந்தது முன்வினை என்று சொன்ன அதே தத்துவம்தான் மாற்றுத்திறனுள்ள குழந்தை பிறந்ததும் முன்வினை என்கிறது. பிறப்பைக் குற்றமாக்குவது, குற்றத்தை முற்பிறவியில் வைத்து எவரும் கேள்வி கேட்க முடியாதபடி செய்வது, பிறகு அந்த மனிதரை ஓரத்தில் உட்கார வைப்பது. இரண்டு இடத்திலும் வழிமுறை ஒன்றே. ஒன்றை எதிர்த்துக்கொண்டு மற்றொன்றை நம்புகிறவர், இரண்டையும் இன்னும் முழுதாக எதிர்க்கவில்லை.

அடுத்தது வீட்டுப்பாடம். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டம், பிள்ளைகள் மூன்று மணி நேரம் பள்ளியில் இருந்தால் போதும், மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்த பெரியாரும் திராவிடர் கழகமும் கேட்டது இதைத்தான்: எந்த வீட்டில் பிறந்தோம் என்பதா பிள்ளையின் எதிர்காலத்தை முடிவு செய்வது? 1954இல் காமராசர் முதல்வரானதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. இன்றைய வீட்டுப்பாடம் குலக்கல்வி அல்ல. ஆனால் மேசை, தனி அறை, படித்த பெற்றோர், டியூஷன் கட்டணம் எல்லாம் உள்ள வீட்டை மனதில் வைத்தே அது கொடுக்கப்படுகிறது. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளையின் வீட்டுக்கு மதிப்பெண் போட்டு, அதைப் பிள்ளையின் அறிவுக்கான மதிப்பெண்ணாகக் காட்டுகிறது. 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் சிபிஎஸ்இ பள்ளிகளில் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்றது. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இந்தச் சுமை இரட்டிப்பாகிறது. ஆகவே பத்துக் கணக்கையும் எப்படியாவது போட வைக்கப் படங்களைப் பயன்படுத்துவது நம் நோக்கமாக இருக்க முடியாது. பத்தை மூன்றாகக் குறைக்கச் சொல்லி ஆசிரியரிடம் பேசுவது முதல் படி. அந்த மூன்றைச் சுவரில் மாட்டுவது இரண்டாவது.

வசதியுள்ள வீட்டுக் குழந்தை அலறினால் "ஏதோ பிரச்சினை இருக்கிறது, மருத்துவரிடம் காட்டுங்கள்" என்கிறார்கள். தெரபிக்கு மணிக்கணக்கில் கட்டணம் கட்டி, ஆங்கிலம் அச்சிட்ட, லேமினேட் செய்த அட்டைகள் வாங்க அவர்களால் முடிகிறது. அதே அலறல் காலனியிலிருந்து வந்தால் அது "வளர்ப்பு சரியில்லை" ஆகிவிடுகிறது. ஒருவருக்கு நோயறிதல், மற்றவருக்குப் பிரம்பு. காலண்டர் அட்டையில் செய்யக்கூடிய ஓர் உதவி காசுள்ளவர் வீட்டுச் சுவரோடு நின்றுபோவது தற்செயல் அல்ல. அறிவைப் பூட்டி வைப்பது இங்கே பழைய பழக்கம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1995ஆம் ஆண்டின் சட்டத்தில் ஆட்டிசம் என்ற பெயரே இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகை இயலாமைகளைப் பட்டியலிட்டு ஆட்டிசத்தையும் சேர்த்தது. அதன் 16ஆம் பிரிவு ஒவ்வொரு குழந்தையின் தேவைக்கேற்ற வசதிகளைச் செய்து தரும்படி கல்வி நிறுவனங்களுக்குச் சொல்கிறது. 17ஆம் பிரிவு, சட்டம் வரையறுத்த அளவு இயலாமை உள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை நூல்களையும் கற்றல் பொருட்களையும் இலவசமாகத் தரவும், பாடத்திட்டத்திலும் தேர்விலும் பொருத்தமான மாற்றங்கள் செய்யவும் அரசுக்குக் கடமை விதிக்கிறது. படவட்டையும் கற்றல் பொருள்தான். குறைக்கப்பட்ட வீட்டுப்பாடமும் பொருத்தமான மாற்றம்தான். இவற்றைக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

ஆனால் இதையெல்லாம் செய்து தர ஆள் வேண்டும். அரசுப் பள்ளிகளுக்கு வந்துபோகும் சிறப்புப் பயிற்றுநர்கள் வட்டார வள மையங்களிலிருந்து தொகுப்பூதியத்தில் வேலை செய்கிறார்கள். 2021இல் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறப்பாசிரியர்களுக்கு நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கும்படி உத்தரவிட்டது. இங்கே அவர்களின் ஊதியத்துக்குப் பயன்படும் சமக்ர சிக்ஷா நிதியைத்தான், பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக ஒன்றிய அரசு 2024இல் நிறுத்தி வைத்தது. அதைக் கண்டிப்போம். கூடவே, இத்தனை ஆண்டுகளாக அவர்களை நிரந்தரமாக்காத மாநில அரசையும் கேட்போம்.

அரசைக் கேட்கும் முன் நம்மையும் கேட்டாக வேண்டும். நம் தோழர்கள் நடத்தும் மாலை நேரப் பயிலகங்களில், அம்பேத்கர் படிப்பகங்களில், ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இடம் இருக்கிறதா? "மற்ற பிள்ளைகளுக்குத் தொந்தரவு" என்று நாமே திருப்பி அனுப்பியிருக்கிறோம். எதிரியைத் திட்ட "லூசு", "மென்டல்" என்று மீம் போடுகிறோம். பள்ளியில் தனியே உட்கார ஒரு சாக்குத் துணியைத் தினமும் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொண்டுபோன சிறுவன் பீமராவை நாம் மறக்கவில்லை. அவரைப் பள்ளி சேர்த்துக்கொண்டது. ஆனால் இடம் கொடுக்கவில்லை. பதிவேட்டில் பெயர் இருந்தும் கடைசி பெஞ்சில் ஒதுக்கப்பட்டிருக்கும் பிள்ளைக்கும் அந்த வேறுபாடு தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பயிலகத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அந்தத் தெருவில் இப்படியொரு பிள்ளை உள்ள வீட்டின் அம்மாவை அழையுங்கள். அவரிடம் பாடம் நடத்தாதீர்கள். பிள்ளைக்கு எது பிடிக்கும், எந்தச் சத்தம் ஆகாது, எதைப் பார்த்தால் அமைதியாகும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு உட்கார்ந்து படம் வரையுங்கள். ரொட்டியும் வெண்ணெயும் வேண்டாம். அந்த வீட்டுத் தட்டு, அந்த வீட்டுக் குடம், அந்தப் பிள்ளையின் சீருடை. ஒரு தொகுப்பு அந்த வீட்டுச் சுவருக்கு, இன்னொன்று பயிலகச் சுவருக்கு. வாரத்தில் மூன்று மாலையாவது சத்தம் குறைந்த ஒரு மூலையை அவளுக்கு ஒதுக்குங்கள். அவளுடைய வகுப்பாசிரியரைச் சந்தித்து, 17ஆம் பிரிவைச் சொல்லி, வீட்டுப்பாடத்தைக் குறைக்கக் கேளுங்கள், எழுத்திலும் கொடுங்கள்.

கற்பி, கிளர்ச்சி செய், ஒன்றுசேர் என்ற முழக்கத்தை நாம் சுவரெங்கும் எழுதியிருக்கிறோம். அந்தச் சுவரில் ஐந்து படங்களுக்கும் இடம் ஒதுக்குவோம்.