ஏலக்காய் வாசம் எங்கே போகிறது?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் தரம் பிரிக்கும் தெரு வழியாக பஸ் போனால், தூங்குகிறவருக்கும் ஊர் தெரிந்துவிடும். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வாசம் காணாமல் போகிறது. காற்றில் கலந்து நீர்த்துவிட்டது என்பது பாதி பதில்தான். மீதி, அது உடைந்துபோகிறது.

வெயில் பட்டதும் காற்றில் உள்ள ஓசோனும் நீராவியும் சேர்ந்து ஹைட்ராக்சில் என்ற துகளை உண்டாக்குகின்றன. ஆயுள் ஏறக்குறைய ஒரு நொடிதான். அதற்குள் எதிர்ப்படும் ஹைட்ரோகார்பனைக் கடித்துவிடும். ஏலக்காயிலும் ஆரஞ்சுத் தோலிலும் இருக்கும் லிமோனீன் நல்ல வெயிலில் ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம். பெட்ரோல் புகையின் பென்சீனோ ஒரு வாரத்துக்கு மேல் சுற்றும். மீத்தேனுக்குப் பத்து வருஷம்!

இதையெல்லாம் எப்படி அளக்கிறார்கள்? காற்றை வெளியேற்றிய ஸ்டீல் குடுவையைத் திறந்து, காற்றைப் பிடித்து லேபுக்குக் கொண்டுபோவது பழைய வழி. பஞ்சாபின் மொகாலியில் உள்ள ஐசர் நிறுவனத்தில் வேறு வழி. அங்குள்ள கருவி ஒவ்வொரு மூலக்கூறின் மீதும் ஒரு புரோட்டானை ஏற்றி, அந்த இடத்திலேயே எடை பார்த்துவிடும். நூறு கோடியில் ஒன்று இருந்தாலும் தப்பாது. 2012 மே மாதம் கோதுமைத் தாளை எரித்த நாட்களில் பென்சீன் எகிறியதை அது பதிவு செய்தது.

சரி, வாசம் உடைவது நல்லதுதானே? தனியாக உடைந்தால் கவலை இல்லை. லாரிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடும் கூடச் சேர்ந்தால், உடையும்போதே புதிதாக ஓசோன் பிறக்கிறது. வானத்து உச்சியில் நம்மைக் காக்கும் அதே ஓசோன், மூக்குக்கு நேரே வந்தால் நெஞ்சை எரிக்கும். காடு தரும் வாசமும் ரோடு தரும் புகையும் கூட்டாளிகள். மலைகள் சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கில், காற்று அசையாத நாளில் இரண்டும் ஒரே இடத்தில் தேங்கும்.

பயிரும் தப்பாது. ஓசோன் திராட்சை இலையில் புள்ளி வைக்கும் என்பது 1958லேயே கலிபோர்னியாவில் தெரிந்துவிட்டது. 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சைக்காரர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய அடையாளம் அது: முதலில் முற்றிய இலை, மேல்பக்கம், நரம்புகளுக்கு நடுவே பொடிப்பொடியாகப் பழுப்புப் புள்ளி. பூஞ்சை மருந்து அடித்தால் போகாது.